முத்துப்பட்டன் கதையும் அதைக் கேட்டவர்களும்

முத்துப்பட்டன் கதை, திருநெல்வேலி வட்டாரத்தின் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதைப்பாடல். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசம் பகுதியே கதையின் களம். கதைத்தலைவன் முத்துப்பட்டன், பட்டவராயன் என்னும் பெயரில் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் வழிபடப்படுகிறான்.

தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களுக்காக ரசிகர்கள் வாதாடுவதும், கதை இப்படிப் போகக்கூடாது என்று சண்டை பிடிப்பதும் இன்று நாம் நாள்தோறும் காண்பவை. இப்பழக்கம் தொலைக்காட்சியோடு வந்ததல்ல. கதை கேட்பவர்கள் கதையை மாற்றியதற்குத் தமிழில் கிடைக்கும் தெளிவான சான்றுகளுள் ஒன்று முத்துப்பட்டன் கதை. அதில் எது மாறியது, எது மாறவில்லை என்பதைப் பார்த்தால், கேட்பவர்களுக்குக் கதையின் மேல் எவ்வளவு அதிகாரம் இருந்தது, அந்த அதிகாரம் எந்த இடத்தில் நின்றுபோனது என்பது புரியும்.

கதை

முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டைவிட்டு வெளியேறி, கொட்டாரக்கரை அரசனிடம் வேலைக்குச் சேர்கிறான். பின்பு ஊர் திரும்பும் வழியில் மலையடிவாரத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளைக் கண்டு காதல் கொள்கிறான். அவர்கள் செருப்புத் தைக்கும் சக்கிலியர் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் மக்கள். பெண் கேட்டு வந்த பட்டனை வாலப்பகடை நம்பவில்லை. குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிய வேண்டும், செருப்புத் தைக்கப் பழகி அதைச் சந்தையில் விற்றுவர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார். பட்டன் அனைத்தையும் செய்து முடித்து இருவரையும் மணக்கிறான்.

மணநாள் இரவிலேயே மாடு திருடும் கூட்டம் கிடையை வளைத்துக்கொள்கிறது. மாமனாரின் காவல் பொறுப்பை ஏற்றுப் புறப்பட்ட பட்டன் திருடர்களை எதிர்த்து வெல்கிறான். ஆனால் ஒளிந்திருந்த ஒருவன் அவனை வஞ்சகமாகக் குத்திக் கொல்கிறான். மணக்கோலம் கலையாத சகோதரிகள் இருவரும் சிங்கம்பட்டிக்குச் சென்று ஜமீன்தாரிடம் அனுமதி பெற்று, கணவனின் சிதையில் தீப்பாய்கிறார்கள். பின்னர் மூவரும் தெய்வமாகின்றனர்.

பாடும் இடமும் கேட்கும் முறையும்

வில்லுப்பாட்டு பெரும்பாலும் கொடை விழாவின் அங்கமாகவே நிகழ்ந்து வந்தது. கோயிலுக்கு உரிமைப்பட்ட குடும்பங்கள் வரி பிரித்துக் கொடை நடத்தும். வில்லுக் குழுவுக்கு அச்சாரம் கொடுத்து நாள் குறிப்பது விழாக் கமிட்டியின் வேலை. எந்தத் தெய்வத்துக்குக் கொடையோ அந்தத் தெய்வத்தின் கதை கட்டாயம் பாடப்பட வேண்டும். இந்த ஏற்பாட்டில் கேட்பவர்கள்தான் கதைக்குக் கூலி கொடுப்பவர்களும். தங்கள் குலதெய்வத்தின் வரலாறு எப்படிச் சொல்லப்படுகிறது என்பது அவர்களுக்கு மானப் பிரச்சினை. புலவர் ஒரு பெயரையோ உறவையோ மாற்றிச் சொல்லிவிட்டால், முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் அங்கேயே திருத்துவார்கள்.

கேட்பவர்களுக்கான இடம் குழுவுக்குள்ளேயே உண்டு. வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடும் முதன்மைப் புலவருக்கு எதிரே குடம், உடுக்கை, தாளம், கட்டை வாசிப்பவர்கள் அமர்ந்திருப்பார்கள். புலவர் ஒரு செய்தியைச் சொன்னதும் 'ஆமா' போடுவதும், 'ஏன் அப்படி?' என்று குறுக்கே கேட்பதும், பாத்திரத்துக்காக இரங்குவதும் பின்பாட்டுக்காரரின் பணி. கூட்டத்தின் மனத்தில் எழும் கேள்வியை அவர் மேடையில் கேட்டுவிடுகிறார். கேட்பவரின் எதிர்வினையைத் தன் அமைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்ட கலை இது.

கேட்பவர்களின் எதிர்வினை அழுகையோடும் சிரிப்போடும் முடிவதில்லை. கதையில் தெய்வத்தின் சாவு பாடப்படும் நேரம் நெருங்கும்போது பாட்டின் வேகம் கூடும். உடுக்கையும் குடமும் உச்சத்துக்குப் போகும். அப்போது சாமியாடிக்கு அருள் வரும். செத்துப்போனவன் கேட்டுக்கொண்டிருப்பவரின் உடம்பில் வந்து இறங்குகிறான். கதைக்கு இதைவிடப் பெரிய எதிர்வினை இருக்க முடியாது.

பிறப்பை மாற்றிய கேட்போர்

நாங்குநேரியில் பிறந்த நாட்டாரியல் ஆய்வாளர் நா. வானமாமலை (1917–1980) முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதை வெளியிட்டது. இக்கதையின் வடிவங்களை ஆராய்ந்த வானமாமலை முக்கியமான ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். கதையின் ஒரு வடிவத்தில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற பெண்கள் அல்லர். அவர்கள் பிராமணப் பெற்றோருக்குப் பிறந்து காட்டில் விடப்பட்ட குழந்தைகள். வாலப்பகடை அவர்களைக் கண்டெடுத்து வளர்த்தார். இதன்படி முத்துப்பட்டன் தன் குலத்துப் பெண்களையே அறியாமல் மணந்திருக்கிறான்.

வானமாமலை இதைப் பிற்காலச் சேர்க்கை என்று கொண்டார். பிராமணன் ஒருவன் சக்கிலியப் பெண்களை மணந்து செருப்புத் தைத்தான் என்பது மேல்சாதியினருக்கு உறுத்தியது. அந்த உறுத்தலைப் போக்கவே இந்தப் பிறப்புக் கதை முன்னால் ஒட்டப்பட்டது என்பது அவருடைய விளக்கம்.

ஒட்டு வேலை கதைக்குள்ளேயே தெரிகிறது. பெண்கள் பிராமணக் குலத்தவர் என்றால் வாலப்பகடை விதிக்கும் நிபந்தனைக்குப் பொருளில்லை. பட்டன் பூணூலை அறுத்ததும், தோலைத் தொட்டதும், சந்தையில் நின்று செருப்பு விற்றதும் வெறும் சோதனையாகச் சுருங்கிவிடுகின்றன. ஒருவன் தன் சாதியை உதறிவிட்டு இன்னொரு சாதியின் தொழிலையும் காவலையும் மரணத்தையும் ஏற்றுக்கொண்டான் என்பதுதான் கதையின் உயிர். புதிய தொடக்கம் அந்த உயிரை எடுத்துவிடுகிறது.

இந்த உத்தி முத்துப்பட்டன் கதைக்கு மட்டும் உரியதல்ல. மதுரை வீரன் கதையிலும் வீரன் காசி அரசனுக்குப் பிறந்தவன். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதியிடம் வளர்கிறான். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மதுரை வீரன்' திரைப்படத்திலும் வீரன் அரச குலத்தில் பிறந்தவனே. அவனை வளர்க்கும் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தனர். கொட்டகையில் படம் பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்கு வீரன் பிறப்பால் அரச குலத்தவன் என்பதே உறுதிப்பட்டது.

முடிவு ஏன் மாறவில்லை

ரசிகர்கள் கதையோடு மோதுவது பெரும்பாலும் முடிவில்தான். ஆர்தர் கானன் டாயில் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் விழவைத்துக் கொன்றபோது வாசகர்கள் கொதித்தனர். பத்தாண்டுகளுக்குப் பின் அவர் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தொலைக்காட்சித் தொடரில் பிடித்த பாத்திரம் செத்தால் ரசிகர்கள் இன்றும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

முத்துப்பட்டனைக் கேட்டவர்கள் அவன் பிழைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மணநாள் இரவிலேயே கொல்லப்படும் இளைஞனுக்காகத் தலைமுறை தலைமுறையாக அழுதார்கள். ஆனால் அந்தச் சாவை மாற்றவில்லை. காரணம் எளிது. அவன் சாகாவிட்டால் தெய்வமில்லை. தெய்வமில்லாவிட்டால் பீடமில்லை, படைப்பு இல்லை, சாமியாட்டம் இல்லை. தென்பாண்டி நாட்டார் தெய்வங்களில் பலவும் அகால மரணம் அடைந்தவர்கள். வெட்டுப்பட்ட வாதை என்று அவர்களைச் சொல்லும் வழக்கு உண்டு. வழிபாடு முழுவதும் அந்த மரணத்தின் மேல் நிற்கிறது.

பிறப்பின் மேல் எந்தச் சடங்கும் நிற்கவில்லை. ஆகவே கை வைக்க முடிந்த இடம் அதுதான்.

தென் தமிழகத்து வில்லுப்பாட்டைக் களத்தில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதை ஒரு பொதுப்போக்காகவே விளக்கியிருக்கிறார். இத்தகைய கதைகள் ஒரு வீரனின் மரணத்தில் தொடங்குகின்றன. மரணத்திலிருந்து வழிபாடு பிறக்கிறது. கதை சொந்த ஊரைத் தாண்டிப் பரவும்போது, இறந்தவனை அறியாத புதிய கேட்போருக்காகத் தெய்வீகப் பிறப்பு முன்னால் சேர்க்கப்படுகிறது. அதாவது பாடும்போது முதலில் வரும் பகுதி, காலத்தால் கடைசியில் வந்தது. முத்துப்பட்டன் கதையில் சேர்ந்த பிறப்போ மனைவியருடையது. கதை பரவியதோடு சாதியின் கவலையும் அதில் சேர்ந்துகொண்டது.

செருப்புக் காணிக்கை

பொம்மக்கா, திம்மக்காவின் பிறப்பை மாற்றியவர்களும் கேட்போர்தான். மாற்ற விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் கேட்போர்தான். அந்தப் பிடி பாட்டில் இல்லை, காணிக்கையில் இருக்கிறது.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் சொரிமுத்து ஐயனார் கோயில் உள்ளது. ஆடி அமாவாசை இங்கே பெருந்திருவிழா. மக்கள் குடும்பத்தோடு வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீனின் கடைசிப் பட்டத்தாரரான முருகதாஸ் தீர்த்தபதி, 2020-இல் மறையும்வரை, இவ்விழாவில் ராஜ உடையில் அமர்ந்து காட்சி தந்துவந்தார். கதையில் சகோதரிகள் தீப்பாய அனுமதி கேட்டதும் இதே சிங்கம்பட்டியில்தான்.

இக்கோயிலில் பட்டவராயனுக்கு வரும் காணிக்கை தோல் செருப்பு. நேர்ந்துகொண்டவர்கள் செருப்புச் செய்வித்துக் கொண்டுவந்து சன்னிதியில் கட்டுகிறார்கள். பட்டவராயன் இரவில் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டைக் காவல் சுற்றுகிறான் என்பது நம்பிக்கை. அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் அவை தேய்ந்திருக்கும் என்பார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகும் நாட்டில், செருப்பையே கையில் ஏந்திச் சாமிக்குக் கொண்டுபோகிறார்கள். கொண்டுவருபவர்கள் ஒரே சாதியினரும் அல்லர்.

கதையின் தொடக்கத்தில் எதைச் சேர்த்தாலும் இந்தச் செருப்புக்கு விளக்கம் ஒன்றுதான். பட்டன் வாலப்பகடையிடம் அமர்ந்து செருப்புத் தைத்தான். அந்தத் தொழில் அவனுக்கு இழிவாகப் படவில்லை. பாட்டில் மழுக்கப்பட்ட செய்தியைக் காணிக்கை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிறது.

தொலைக்காட்சிக் காலம்

1963-இல் திருநெல்வேலியில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கப்பட்டபின் வில்லுப்பாட்டு கொடைக்கு வெளியேயும் ஒலித்தது. திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வானொலி, தொலைக்காட்சி வழியாக அதைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசென்றார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வானொலிக் கேட்பாளர் வரி கொடுப்பவர் அல்லர். புலவரைத் திருத்தவோ சாமியாடவோ அவருக்கு வழியில்லை.

ஆனாலும் கேட்பவரின் உரிமை அழிந்துவிடவில்லை. 1987 ஜனவரி 25 முதல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடரின்போது மக்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு ஊதுபத்தி ஏற்றினார்கள். இந்தி புரியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் ஞாயிறு காலையில் கூட்டம் கூடியது. சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார்கள். பாத்திரத்தையும் நடித்தவரையும் ஒன்றாகக் காணும் கண், சாமியாடியைத் தெய்வமாகக் காணும் கண்ணுக்கு அந்நியமல்ல.

1988-இல் பட்டாபிஷேகத்தோடு தொடர் முடியும் என்ற செய்தி வந்தபோது ஜலந்தர் முதலிய வடஇந்திய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வால்மீகி முனிவரைத் தம் முன்னோராக வழிபடும் வால்மீகி சமூகத்தினர். வால்மீகி முக்கியப் பாத்திரமாக வருவது உத்தர காண்டத்தில். சீதைக்கு அடைக்கலம் தந்து லவனையும் குசனையும் வளர்ப்பவர் அவரே. அந்தப் பகுதியில்லாத ராமாயணத்தில் தங்களுக்கு இடமில்லை என்று அவர்கள் எண்ணினார்கள். அரசு இணங்கியது. லவகுசர் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது.

மதிப்பீடு

ஜலந்தரின் தெருவும் காரையாற்றின் கரையும் தொலைவானவை. ஆனால் இரண்டிலும் கேட்டவர்கள் எழுப்பிய கேள்வி ஒன்றே: இந்தக் கதையில் எங்கள் இடம் எது? ஜலந்தரின் தொழிலாளர்கள் கதையை நீட்டித் தங்கள் முன்னோரை உள்ளே கொண்டுவந்தார்கள். முத்துப்பட்டன் கதைக்கு ஒரு புதிய தொடக்கம் வைத்தவர்கள், உள்ளே இருந்த இரண்டு சக்கிலியப் பெண்களை வெளியே தள்ளினார்கள். கேட்பவர்கள் கதையை மாற்றுவது தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. யார் மாற்றுகிறார்கள், மாற்றியபின் யாருக்கு இடம் இல்லாமல் போகிறது என்பதே பார்க்க வேண்டியது.

வானமாமலையின் பதிப்பு அந்த இரண்டு பெண்களின் இடத்தை ஏட்டில் மீட்டது. சொரிமுத்து ஐயனார் கோயிலில் அந்த இடம் பறிபோகவே இல்லை. ஆடி அமாவாசை தோறும் பட்டவராயனுக்குப் புதுச் செருப்பு வந்துகொண்டிருக்கிறது.