மன்னார்க் கரையும் இரவுக் காட்சியும்: வெளிச்சவீடு முதல் வெப்பக் கமரா வரை

ஒரு நாட்டின் பயண வரலாற்றை எழுத முற்படுவோர் பாதைகள், பாலங்கள், ஊர்திகள் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுவர். அப்பாதைகளில் இரவிலே சென்றவர்கள் எதைக் கொண்டு வழி கண்டனர் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. பகலிற் பாதை இருந்தாலே போதும்; இரவிலோ பாதையோடு ஒளியும் வேண்டும்; அவ்வொளியைப் பேணுவோரும் வேண்டும். மன்னார்த் தீவும் அதனை அடுத்துள்ள பெருநிலக் கரையும் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். ஒருபுறம் பாக்கு நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா, இடையே நீண்டு ஒடுங்கிய மணற்றீவு, அதனைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதி என அமைந்த இவ்விடத்திலே கடல்வழியும் தரைவழியும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்துள்ளன.

அண்மைக் காலத்தில் உலகின் சில ஊர்திகளிலே பொருத்தப்படும் வெப்பக் கமரா, ஒளியின்றியே இருளிற் பொருள்களைக் காட்டும் கருவியாகும். அதன் வரலாற்றையும் இயல்பையும் பேணும் முறையையும் மன்னார்க் கரையின் இரவுப் பயண வரலாற்றோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வொப்பீடு ஓர் உண்மையைத் தெளிவாக்கும். இருளை வெல்லும் கருவி எதுவாயினும், அதனால் நன்மை பெறுவோர் யாவர், அதனைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் இரு வினாக்களே அதன் சமூகப் பயனை அளவிடுகின்றன.

முதலிற் கடலை நோக்குவோம். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு இரவிலே தொடங்கிய தொழிலாகும். முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில், அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளிலிருந்து தோணிகள் நள்ளிரவை அண்டிய வேளையிலே, கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றைப் பயன்படுத்திப் புறப்பட்டன. புறப்படுவதற்குரிய குறிப்பைப் பீரங்கி வெடியே அறிவித்தது. விடியும்போது தோணிகள் பார்களை அடைந்திருக்கும். பிற்பகலிற் கடற்காற்றோடு கரைக்குத் திரும்பும். இருளிலே பல தோணிகள் ஒருங்கே செல்லும்போது கண்ணின் பணியைக் காதும் காற்றும் விண்மீன்களும் பகிர்ந்துகொண்டன. ஓட்டிகளின் அறிவு எழுத்தில் அடங்காதது; தந்தை மகனுக்கு அளித்தது. பிரித்தானிய ஆள்பதி பிரெடெரிக் நோர்த் 1801 ஆம் ஆண்டுக்கும் 1804 ஆம் ஆண்டுக்கும் இடையில் அரிப்பிலே கட்டுவித்த, 'டொறிக்' எனப் பெயர்பெற்ற மாளிகையின் சிதைவுகள் அச்சலாபங்களின் செல்வத்துக்கு இன்றும் சான்று பகர்கின்றன.

நோர்த் தம் மாளிகையைக் கட்டத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், 1800 ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல் ஓர் எளிய சோதனை செய்தார். அரியத்தினூடாக ஞாயிற்றொளியைச் செலுத்தி, பிரிந்த நிறங்களில் வெப்பமானிகளை வைத்து அளந்தார். செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானி கூடிய வெப்பத்தைக் காட்டியது. இன்று நாம் செங்கீழ்க் கதிர் என வழங்குவது அதனையே. மன்னார்க் கரையில் நள்ளிரவுத் தோணிகள் பீரங்கி வெடிக்குக் காத்திருந்த அதே காலப்பகுதியில், காணாததைக் காணும் கருவிக்கு வேறோர் இடத்தில் அடித்தளம் இடப்பட்டது.

இரவுப் பயணத்தின் இரண்டாங் கட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1914 ஆம் ஆண்டிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இலங்கைப் புகையிரதப் பாதையும் தலைமன்னார் இறங்குதுறை வரை நீண்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைக் கப்பல் கடந்தது. கொழும்பிலிருந்து மாலையிற் புறப்பட்டுத் தலைமன்னார் நோக்கிய தபால் வண்டி இரவு முழுவதும் காட்டினூடாக ஓடியது. 1915 இல் தலைமன்னாரில் வெளிச்சவீடு எழுந்தது.

இக்காலத்து ஒளிகளின் தன்மை நோக்கத்தக்கது. வெளிச்சவீடு தன்னை நாடி வருவோருக்கு மட்டும் ஒளிகாட்டுவதில்லை. பெருங்கப்பலின் தலைவனும் சிறுவள்ளத்துக் கடற்றொழிலாளியும் அதே ஒளியைக் கண்டு தம் நிலையை அறிந்தனர். அதற்கு ஒருவரும் அனுமதி பெறவேண்டியதில்லை. புகையிரத நிலையத்துக் கைவிளக்கும் கைகாட்டி மரத்து விளக்கும் அவ்வாறே பொதுவானவை. ஆயின் அவற்றின் பின்னால் எண்ணெய் ஊற்றியவரும், திரி கத்தரித்தவரும், கண்ணாடியிற் படிந்த புகைக்கரியையும் உப்பையும் நாள்தோறும் துடைத்தவரும் இருந்தனர். அவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை.

1964 டிசெம்பர் 22 ஆந் திகதி நள்ளிரவிற் கரையைத் தாக்கிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டி ஒன்றையும் கடல் விழுங்கியது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1984 இல் அதுவும் நின்றது. 1990 இற் புகையிரதப் பாதையும் தாம்போதிப் பாலங்களும் போரினால் அழிந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார்த் தீவின் முசுலிம் மக்கள் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். போர்க்காலத்திலே பல்லாயிரம் தமிழர் இராமேசுவரக் கரை நோக்கி இரவிலே கடல் கடந்தனர். சிலர் இடைவழி மணற்றிட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, உதவியை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். அவர்களுக்கு விளக்கு ஆபத்தாயிற்று, இருளே அடைக்கலமாயிற்று. இரவிலே காணும் ஆற்றல் யாருடைய கையில் இருக்கின்றது என்பது உயிரோடு தொடர்புடைய வினா என்பதை இக்கரை மக்கள் நூல்வழி கற்கவில்லை.

போர் 2009 இல் முடிவடைந்தது. 2010 மார்ச்சில் மன்னாரின் புதிய பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து மடு வீதி வரையான புகையிரதப் பாதை 2013 இலும், அங்கிருந்து தலைமன்னார் வரையான பாதை 2015 மார்ச்சிலும் மீண்டும் திறக்கப்பட்டன. வீதிகள் அகன்றன, தார் மெழுகின, வேகம் கூடியது. வேகத்தோடு ஒரு புதிய இடரும் கூடியது.

மன்னாரை அறிந்தோர் யாவரும் அதன் கழுதைகளை அறிவர். அராபிய வணிகரோடு வந்தவை எனக் கருதப்படும் அவை இன்று பெரும்பாலும் உரிமையாளரின்றித் தெருக்களில் உலவுகின்றன. சாம்பலும் மண்ணிறமும் கலந்த அவற்றின் உடல் இருளோடு ஒன்றிப்போகும். பகலில் வெயிலேறிய தார்வீதி இரவிலும் வெதுவெதுப்பாக இருத்தலால் விலங்குகள் அதன்மீது படுத்துறங்குவதும் உண்டு. விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியில் அதிகாலையிற் கடற்கரைக்குச் செல்லும் தொழிலாளியின் நிலையும் இதனின் வேறன்று.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஊர்தி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் செல்லும். ஓட்டுநர் இடரை உணர்ந்து தடுப்பை மிதிப்பதற்கு ஒன்றரைச் செக்கன் எனக் கொண்டால், அதற்குள் 25 மீற்றர் கடந்துவிடும்; உலர்ந்த வீதியில் நிற்பதற்கு மேலும் 24 மீற்றர் அளவு வேண்டும். தாழ்த்திய முகப்பு விளக்கோ இருண்ட நிறப் பொருளை 50 மீற்றருக்கு அப்பால் தெளிவாகக் காட்டுவது அரிது. வேகம் 80 ஆகுமாயின் நிற்பதற்கு 75 மீற்றர் தேவை. அஃதாவது, ஓட்டுநர் கழுதையைக் காணும்போதே காலம் கடந்துவிட்டிருக்கும். இவ்விடைவெளியை நிரப்புவதற்கே வெப்பக் கமரா முன்வைக்கப்படுகின்றது.

ஹேர்ஷலின் கண்டுபிடிப்பு கருவியாக வளர்வதற்கு நீண்ட காலம் சென்றது. அமெரிக்க அறிஞர் சாமுவேல் லாங்லி 1880 ஆம் ஆண்டளவில் அமைத்த போலோமீற்றர், வெப்பத்தினால் மெல்லிய உலோகத்தின் மின்தடை மாறுவதைக் கொண்டு கதிர்ப்பை அளந்தது. கால் மைல் தொலைவில் நின்ற பசுவின் வெப்பத்தையும் உணரும் என அதனைப் பற்றிக் கூறுவர். இருபதாம் நூற்றாண்டில் இக்கலை போர்த்தேவைகளாலேயே வளர்ந்தது. தொடக்கத்துக் கருவிகள் உணரியை மிகக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டியிருந்தமையாற் பாரமும் விலையும் மிக்கவை. குளிரூட்டல் வேண்டாத நுண்போலோமீற்றர் அணிகள் 1980 களில் அமெரிக்கப் படைத்துறையின் ஆதரவிலே உருவாயின. 2000 ஆம் ஆண்டின் கடிலாக் டிவில் காரே வெப்பக் கமரா பொருத்தி விற்கப்பட்ட முதற் கார். ஏறத்தாழ 2,000 டொலர் மேலதிக விலையுடைய அவ்வசதி சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. 2005 இல் பீஎம்டபிள்யூ நிறுவனம் 300 மீற்றர் வரை காட்டும் கருவியை அறிமுகஞ் செய்தது.

இக்கமரா முகப்பு விளக்கைப் போன்று ஒளியை வீசுவதில்லை. உயிருடைய உடலும் உயிரற்ற பொருளும் தத்தம் வெப்பநிலைக்கேற்பச் செங்கீழ்க் கதிரை வெளிவிடுகின்றன. உயிருடலின் கதிர்ப்பு ஏறத்தாழ 9.5 மைக்குரோமீற்றர் அலைநீளத்தில் உச்சம் பெறும். 8 முதல் 14 மைக்குரோமீற்றர் வரையான அக்கதிரைக் கமரா படமாக்குகின்றது. எதிரே வரும் ஊர்தியின் விளக்கு அதனைக் கூசச் செய்யாது.

எனினும் அதன் கண்ணுக்கும் குறைகள் உள. அது வெப்பத்தை அன்று, வெப்ப வேறுபாட்டையே காண்கின்றது. பொழுது சாய்ந்த வேளையில் வீதியின் சூடும் விலங்கின் மேற்றோலின் சூடும் அண்மித்திருக்குமாயின் உருவம் மங்கும். இரவு முதிர்ந்து வீதி குளிரக் குளிரத் தெளிவுறும். மன்னாரைப் போன்ற வெப்பமான நிலப்பகுதியில் இக்குறை குளிர்நாடுகளைவிட மிகுதியாகும். பெருமழையும் வேறுபாட்டைக் குறைக்கும். திரையையே நோக்கிக்கொண்டிருக்கும் ஓட்டுநர் வீதியை மறக்கும் ஆபத்தும் உண்டு. ஐயந் தோன்றும்போது திரும்பிப் பார்ப்பதற்கே திரை, வேகத்தைக் கூட்டுவதற்கன்று.

பேணும் முறையிலும் இக்கரை தனிக் கவனம் வேண்டுவது. சாதாரண கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். ஆதலாற் கமராவை முன்கண்ணாடியின் உட்புறத்தில் வைத்தல் இயலாது. அது ஊர்தியின் முகப்பிலே, ஜேர்மேனியம் என்னும் தனிமத்தினாலான வில்லையோடு வெளியே நிற்கின்றது. சோளகக் காலத்திலே உப்பும் மணலும் கலந்து வீசும் காற்று நேரே அதன்மீது மோதும். உப்புப் படிந்த வில்லையை உலர்ந்த துணியினால் தேய்த்தால் மணற்றுணிக்கைகளே வில்லையைக் கீறிவிடும். முதலில் நன்னீர் ஊற்றி உப்பைக் கரைத்து, மணலைக் கழுவிய பின்னரே மெல்லிய துணியினால் ஒற்றுதல் வேண்டும். நீர்த்துளியும் கதிரை மறைக்குமாதலால் ஈரம் எஞ்சியிருத்தலாகாது. மின்னிணைப்புகளிற் பச்சைக் களிம்பு படிகின்றதா, நீர்காக்கும் இறப்பர் வளையம் வெடித்துள்ளதா என்பவற்றை இடையிடையே பார்த்தல் வேண்டும். ஊர்தியை நிறுத்தும்போது வில்லை ஞாயிற்றை நேரே நோக்காதிருப்பது உணரிக்கு நன்று. முகப்பிலே சிறு மோதல் ஏற்பட்டாலும் கமராவின் நோக்குக் கோணத்தைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. அன்று வெளிச்சவீட்டின் கண்ணாடியிலிருந்து உப்பைத் துடைத்த கையின் பணியையே இன்று ஊர்திக்காரர் தம் கையாற் செய்யவேண்டியுள்ளது.

ஆயின் ஒற்றுமை இத்தோடு முடிகின்றது. வெளிச்சவீட்டின் ஒளி கண்டோர் யாவருக்கும் உரியது; வெப்பக் கமராவின் காட்சி அதனை வாங்கியவருக்கே உரியது. முகப்பு விளக்கேனும், வரும் ஊர்தியை நடந்து செல்பவருக்கு அறிவிக்கின்றது. கமராவோ காண்பவருக்கு மட்டுமே பயன் தந்து, காணப்படுபவருக்கு ஒன்றும் உணர்த்துவதில்லை. வீதியிற் கூடிய இடருக்கு ஆளாகும் துவிச்சக்கர வண்டிக்காரர், விலையுயர்ந்த காரின் திரையிலே தோன்றினால் மட்டுமே அதன் பயனைப் பெறுவார்; அவ்வசதியற்ற பாரவூர்தியின் முன்னே அவர் நிலை முன்போன்றதே.

இக்கருவியைப் பொதுநன்மைக்கு உரியதாக்கவும் இயலும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையிலே, புகையிரதத்தில் யானைகள் மோதுண்டு இறப்பதைத் தடுப்பதற்காக 2024 பெப்ரவரியில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. பாதையோரத்திலே 12 கோபுரங்களில் வெப்பக் கமராக்களும் சாதாரண கமராக்களும் நிறுவப்பட்டு, யானை நெருங்கும்போது புகையிரத ஓட்டுநருக்கு எச்சரிக்கை செல்கின்றது. இங்கே கண் ஊர்தியினின்றும் இறங்கிப் பாதைக்கு உரியதாயிற்று. இலங்கையில் 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அண்மையில் இரவு வண்டி மோதி ஆறு யானைகள் இறந்தமையை நினைப்போருக்கு இதன் தேவை விளங்கும். மடுவை அண்டிய காட்டினூடாகச் செல்லும் மன்னார்ப் பாதைக்கும் இவ்வழி ஆராயத்தக்கது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மன்னார்க் கரையில் இரவுக் காட்சியின் வரலாறு பொது ஒளியிலே தொடங்கி, ஒளி அணைந்த காலத்தைக் கடந்து, தனியார் கண்ணை நோக்கிச் செல்வது புலனாகும். புதிய கருவியை வெறுத்து ஒதுக்குதல் அறிவுடைமையன்று. அது ஓர் உயிரைக் காத்தாலும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் தெருவிளக்கு, ஒளி தெறிக்கும் பட்டி, வேகக் கட்டுப்பாடு ஆகிய எளிய பொது ஏற்பாடுகளுக்கு அது ஈடாகாது. வெளிச்சவீட்டிலும் புகையிரத நிலையங்களிலும் பணியாற்றியோரின் நினைவுகளும், இரவிலே கடல் கடந்தோரின் நினைவுகளும் இன்னும் முழுமையாகப் பதிவு செய்யப்படவில்லை. அவர்களுள் முதியோர் எம்மிடையே வாழும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வரலாறு பயிலும் மாணவரின் கடனாகும்.