நூலிழை உரைக்கும் வரலாறு

அரசர் பெயரைக் கல்வெட்டு காக்கிறது. சாயம் தோய்த்தவர் பெயரைக் காப்பார் இல்லை. ஆயினும் அவர்தம் அறிவை ஒரு நூலிழை காத்து வைத்திருத்தல் கூடும்.

1920களில் மொகஞ்சதாரோ அகழ்வில், வெள்ளிக் கலம் ஒன்றில் ஒட்டியிருந்த பருத்தித் துணித் துணுக்குகள் கிடைத்தன. உலோக உப்புகள் ஊறியிருந்தமையால் அவை மக்கவில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்துணுக்குகளை, பம்பாயில் நம்மவர் பலர் குடியேறிய மாட்டுங்காவின் பருத்தி ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டர்னரும் குலாத்தியும் ஆராய்ந்தனர். அவற்றின் சாயம் மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து வந்தது எனக் கண்டனர். இச்சாயம் பருத்தியில் தானே நிலைப்பதில்லை. படிகாரம் போன்றதொரு பொருள் அதனைப் பிணைத்தல் வேண்டும். அம்மக்களின் எழுத்தை நாம் இன்னும் படித்தறியவில்லை. அவர்தம் இரசாயன அறிவையோ அந்நிறத்திலேயே படிக்கிறோம்.

இன்று பொருட்காட்சிச்சாலை விஞ்ஞானிக்குச் சில மில்லிமீட்டர் இழையே போதும். அதன் சாயத்தைக் கரைத்தெடுத்து, கருவியின் துணையால் கூறு கூறாகப் பிரிக்கிறார். பர்ப்யூரினும் மஞ்சிஸ்டினும் மிகுந்திருப்பின் மஞ்சிட்டி என்கிறார். பர்ப்யூரின் ஏறக்குறைய இன்றி அலிசரின் மேலோங்கிய பழந்துணியாயின், சோழமண்டலக் கரையின் சாயவேரை எண்ணுகிறார். 1856இல் பெர்க்கின் கண்ட செயற்கை ஊதாச் சாயம் தென்படின், அவ்விழை அவ்வாண்டுக்கு முற்பட்டதன்று.

எனினும், வெட்டிய இழை மீண்டும் துணியில் சேராது. ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி தெளிந்த பின்னரே கத்தரியைக் கையில் எடுத்தல் முறை. பெயரறியாச் சாயக்காரருக்கு நாம் செலுத்தும் மரியாதையும் அதுவே.