போடியாரின் வயலும் மகள்மாரின் உறுதியும்

ஒருவரைப் போடியார் என்று அழைக்க எத்தனை ஏக்கர் வேண்டும் என்று இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்தில் கேட்டால் யாரும் இலக்கம் சொல்ல மாட்டார்கள். தன் கையால் மண்வெட்டி பிடிக்காமல் வேளாண்மை செய்விப்பவர், விதைநெல் கேட்டு ஆட்கள் வந்து நிற்கும் வாசலுக்குச் சொந்தக்காரர், அவ்வளவுதான் வரைவிலக்கணம். தமிழரிலும் முஸ்லிம்களிலும் போடியார்கள் இருந்தார்கள். பழைய பெயர்கள் பலவற்றில் ‘போடி’ பெயரின் வாலாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர்களை நிலப்பிரபுக்கள் என்று எழுதிவிட்டு நகர்வது வழக்கம். அந்தச் சொல் பாதிதான் பொருந்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய மணல்மேட்டில் நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர்கள்: மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று. சம்மாந்துறை மட்டும் வயல்களுக்குள் தள்ளி இருக்கிறது. போர்த்துக்கேயரின் நெருக்குதலுக்கு ஆளான முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்றும் அவர்கள் 4,000 பேர் என்றும் போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோஸ் எழுதுகிறார். அதற்கு முன்பு இங்கு முஸ்லிம்கள் இல்லை என்று இதை வாசிப்பது தவறு. கண்டியின் மேலாட்சியில் பற்றுகளை ஆண்ட வன்னிமைகளுக்குக் கீழே, ஊர்மட்டத்துச் செல்வாக்குப் போடிமார் கையில் இருந்தது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தருக்கும் நெல் தேவைப்பட்டது. ஆகவே போடிமாரும் தேவைப்பட்டார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில்தான் காணி கடதாசியாக மாறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்கு ஆக்கியது. அந்த அரசிடமிருந்து விலைக்கு வாங்கப் பணம் வைத்திருந்தவர்கள் யார்? 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் நீர்ப்பாசனத்தில் ஆர்வம் கொண்டவர். இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அவர் காலத்தில் திருத்தப்பட்டன. குளத்து நீர் எட்டிய இடமெல்லாம் காணிக்கு மதிப்பு ஏறியது. ஊர்ப்பெரியவராக இருந்த போடியார், உறுதி வைத்திருக்கும் முதலாளியானார். பிற்காலத்தில் அரசியலுக்கும் இந்தச் செல்வாக்கு வட்டத்திலிருந்தே ஆட்கள் வந்தார்கள். 1947இல் கல்முனைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போன எம்.எஸ். காரியப்பரின் பெயருக்கு முன்னால் ‘கேட் முதலியார்’ என்ற குடியேற்ற காலத்துப் பட்டம் நின்றதைக் கவனிக்க வேண்டும்.

போடியாரின் அதிகாரத்தைப் பார்க்கக் கச்சேரிக்குப் போக வேண்டியதில்லை, சூடு மிதிக்கும் களமான களவெட்டிக்குப் போனால் போதும். வயலில் அவருடைய ஆள் முல்லைக்காரன். வாடியில் படுத்து, காவல் காத்து, கூலியாட்களைத் திரட்டி, போகம் முழுவதும் வயலோடு கிடப்பவன் அவன்தான். தண்ணீர் பங்கிடுவதும் வாய்க்கால் வேலைக்கு ஆள் அழைப்பதும் வட்டவிதானையின் பொறுப்பு. கதிரை வெட்டிச் சூடு வைப்பார்கள். பிறகு எருமைகளைப் பிணைத்து, சூட்டைச் சரித்துச் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். களவெட்டிக்குள் அன்றாடப் பேச்சு ஆகாது. அங்கு வழங்கும் பொருட்களுக்கே வேறு பெயர்கள் உண்டு. நெல் அங்கே நெல் அல்ல, ‘பொலி’. பொலி குவிந்ததும் கணக்கு. மாரி தொடங்கும்போது வாங்கிய விதைநெல், சாப்பாட்டு நெல், கைமாற்றுக் காசு எல்லாம் வட்டியோடு கழியும். கழிந்தபின் முல்லைக்காரன் வீட்டுக்குக் கொண்டுபோனது சில ஆண்டுகளில் அடுத்த மாரிவரை காணாது. மறுபடியும் அதே வாசல்.

இதுவரை பார்த்தால் ஐரோப்பிய நிலமானியப் பிரபுவுக்கும் இவருக்கும் அதிக தூரமில்லை. நோர்மன் படையெடுப்புக்குப் பின் இங்கிலாந்தில் நிலம் பெற்ற வில்லியம் டி வாரென் என்ற பிரபுவை எடுத்துக்கொள்வோம். லூயிஸ் நகரில் கோட்டை கட்டிய அவருக்குப் பதின்மூன்று கோட்டங்களில் நிலம் இருந்தது. 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கில் அந்த நிலங்கள் ஏர் எண்ணிக்கை வரை பதிவாகின. அவர் 1088இல் இறந்தபோது இங்கிலாந்துச் சொத்து மூத்த மகனுக்குப் போனது. பெயரும் பட்டமும் நிலமும் ஒரே கையில் இறங்கின.

கல்முனைப் போடியாருக்கு இது நடக்காது. அவர் சேர்த்த வயல் மகள்மாருக்குப் போகும். இக்கரையின் முஸ்லிம்களும் தமிழரைப் போலவே தாய்வழிக் ‘குடி’ பார்ப்பவர்கள். ராசாம்பிள்ளை குடி, வரிசைநாச்சி குடி என்று பெயர் சொல்லுவார்கள். பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்காயர்களும் குடிக்கு ஒருவராகவே வந்தார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடும் வளவும் வயலும் சீதன உறுதியாக எழுதப்படும். மூத்த மகளுக்கு இருக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு போவதும், இளையவளுக்காக அதையும் விட்டுப் போவதும் சாதாரணம். நாலு பெண் பெற்ற போடியார் கடைசியில் கொட்டிலில் முடிவதைப் பகிடியாகவும் சொல்லலாம், பெருமையாகவும் சொல்லலாம்.

இந்த வழக்கத்தின் வேரை, மட்டக்களப்புத் தமிழரில் ஒரு பிரிவினரான முக்குவரின் பழைய சட்டத்தில் பார்க்கலாம். கிறிஸ்தோபர் பிரிட்டோ அதைத் தொகுத்து 1876இல் வெளியிட்டார். பரம்பரையாக வந்த முதுசம் தாய்வழியே இறங்கும், தானே சம்பாதித்த தேட்டத்துக்கு விதி வேறு என்பது அதன் சாரம். இஸ்லாமிய வாரிசுரிமையில் மகனின் பங்கில் பாதிதான் மகளுக்கு. ஆனால் அந்தப் பங்கீடு தொடங்குவது மரணத்துக்குப் பின். போடியார் உயிரோடு இருக்கும்போதே மகள்மார் பெயருக்கு எழுதி முடித்துவிட்டால் பங்கிட எஞ்சுவது அற்பம். மார்க்கத்தை மீறாமல் ஊர்வழக்கத்தைக் காப்பாற்றிய கெட்டித்தனம் இது. அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழி அமைப்பை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

ஆகவே பெரும் போடியார் என்பவர் ஒரு தலைமுறை மனிதர். அவருடைய மருமகன் போடியாராக விளங்கினால் அது மனைவியின் வயலில். மகன் போடியாராக வேண்டுமென்றால் அவனும் ஒரு போடியார் வீட்டில் மாப்பிள்ளையாக வேண்டும்.

1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் நீரின் சாவியை அரசின் கைக்கு மாற்றியது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தந்தது. கூலியாள் என்று கணக்கில் எழுதப்பட்ட முல்லைக்காரனுக்கு அதனால் பெரிய பயன் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. 1972இன் காணிச் சீர்திருத்தம் வயலுக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. வயதுவந்த மகள்மாரின் பெயரில் ஏற்கெனவே எழுதிய வயல் தகப்பன் கணக்கில் சேராது. சட்டம் துண்டாட நினைத்ததைச் சீதனம் முன்பே துண்டாடியிருந்தது. உழவு இயந்திரம் வந்தபின் எருமைப் பட்டியும் போனது, களவெட்டிப் பேச்சும் போனது.

உறுதியில் பெண்ணின் பெயர் மட்டும் நிலைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வீடுகளை வழித்துக்கொண்டு போனபோது, அழிந்தவற்றில் பெரும்பாலானவை சீதன வீடுகள். அதன்பின் நட்டஈட்டுக்கும் புதிய வீட்டுக்கும் படிவங்கள் வந்தன. அவற்றில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஓரிடம் இருந்தது. பல படிவங்களில் அங்கே எழுதப்பட்டது, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவரின் பெயர்.