பெட்டிக்குக் கட்டணம் முதல் வருவாயில் பங்கு வரை: இந்தியாவில் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு உரிமக் கட்டணத்தின் வரலாறு

1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தன் நான்காம் பிரிவில் இரண்டு காரியங்களைச் செய்தது. தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசிடம் வைத்தது. அந்த உரிமையைப் பிறருக்கு அளிக்கும்போது, தகுந்ததென்று அரசு கருதும் நிபந்தனைகளையும் தொகையையும் விதிக்கலாம் என்றது. அந்தத் தொகை எவ்வளவு, எதன்மீது விதிக்கப்படும், யாருடைய கணக்குப்படி வசூலாகும் என்ற கேள்விகளுக்குள் சட்டம் போகவில்லை. கம்பிவழிச் செய்தியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த ஒற்றைப் பிரிவின் மேல்தான் வானொலி லைசென்ஸ், செல்பேசி ஏலம், வருவாய்ப் பங்கு எல்லாம் பின்னர் கட்டப்பட்டன. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறும் வரை, 138 ஆண்டுகள், அந்தப் பிரிவே அடித்தளம்.

கட்டணம் கூடுதலா குறைவா என்பதைப் பற்றியே இத்துறையின் பொதுவிவாதம் பெரும்பாலும் நடந்திருக்கிறது. ஆவணங்களைக் காலவரிசையில் வைத்துப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. எதை எண்ணுவது, எண்ணியதை யார் அறிவிப்பது, அறிவித்ததை யார் சரிபார்ப்பது என்ற மூன்று கேள்விகளைத் தெளிவாக முடிக்காமல் விட்ட ஒவ்வொரு முறையும் கட்டண முறையே உடைந்திருக்கிறது. விகிதம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பெட்டியை எண்ணிய காலம்

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் நிதி நெருக்கடியால் 1927-இல் நின்றுபோனது. ஆர்வலர்களின் சந்தாவால் ஒரு நிலையத்தை நெடுநாள் நடத்த முடியாது என்பதற்கு அது முதல் சான்று. அதே 1927-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று பம்பாயில் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனிக்கு அரசு ஒரு வருவாய் வழியை அமைத்துக் கொடுத்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணம் செலுத்த வேண்டும். அதில் 80 விழுக்காடு கம்பெனிக்குப் போகும். தபால் அலுவலகம் வசூலிக்கும்.

கம்பெனியின் வருவாய் அதன் ஒலிபரப்பைக் கேட்டவர்களைப் பொறுத்து அமையவில்லை. கேட்டவர்களில் எத்தனை பேர் தபால் அலுவலகம்வரை நடந்தார்கள் என்பதைப் பொறுத்து அமைந்தது. பெட்டியின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. ஒலிபரப்பியின் திறன் வெறும் 1.5 கிலோவாட், நகரத்தைத் தாண்டினால் ஒலி தேய்ந்துவிடும். உரிமம் பெறாமல் பெட்டியை வைத்திருப்பது மட்டும் குற்றம் என்று சொல்லும் தெளிவான சட்டமும் அப்போது இல்லை. 1929-இன் இறுதியில்கூட நாடு முழுவதும் லைசென்ஸ்கள் எட்டாயிரத்தைத் தொடவில்லை. 1930 மார்ச்சில் கம்பெனி கலைப்புக்குப் போனது. ஏப்ரல் 1 முதல் அரசே நிலையங்களை ஏற்றது. 1931 அக்டோபரில் அரசும் கைவிட முடிவு செய்து, எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரில் பின்வாங்கியது.

ஒலிபரப்பைக் காப்பாற்றியதில் சட்டத் திருத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1933-இன் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிப் பெட்டி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 1934 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1932 டிசம்பரில் பி.பி.சி. தொடங்கிய பேரரசு ஒலிபரப்பும் பெட்டி வாங்கும் ஆவலைக் கூட்டியிருந்தது. 1934 முடிவில் லைசென்ஸ்கள் 16,000-ஐத் தாண்டின. கட்டணத்தின் அளவு அந்த வளர்ச்சிக்குக் காரணமாக இல்லை. எண்ணப்படும் பொருள் சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிட்டது, அதுவே மாற்றம்.

இந்த முறையில் ஒரு நற்குணம் இருந்தது. பெட்டி கண்ணுக்குத் தெரியும். லைசென்ஸ் புத்தகம் கையில் இருக்கும். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஆண்டுதோறும் வெளியான லைசென்ஸ் எண்ணிக்கை வசூல் கணக்காகவும் நேயர் கணக்காகவும் ஒருசேரப் பயன்பட்டது. ஆனால் அந்த எண் பெட்டிகளைத்தான் சொன்னது, செவிகளைச் சொல்லவில்லை. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி, பழைய கிளப்பின் ஒலிபரப்பியைக் கொண்டு சொந்த நிலையம் தொடங்கியபோது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. அங்கே கூடிக் கேட்ட ஆயிரக்கணக்கானோர் எந்த லைசென்ஸ் பட்டியலிலும் இல்லை. தமிழகத்தில் வானொலி கேட்டவர்களின் வரலாற்றை லைசென்ஸ் கணக்கிலிருந்து எழுத முனைபவர்கள் இதை மறக்கக் கூடாது.

டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த நற்குணமும் கரைந்தது. வயல் வரப்பிலும் டீக்கடையிலும் சட்டைப்பையிலும் இருக்கும் பெட்டியை எந்த இன்ஸ்பெக்டர் எண்ணுவார்? கட்டணம் 15 ரூபாய், அதை வசூலிக்கத் தபால் துறை முழுவதும் ஒரு தனிவேலை. இன்னொரு பக்கம் 1967 நவம்பரில் விவித் பாரதியிலும் 1976 ஜனவரியில் தூர்தர்ஷனிலும் விளம்பரம் நுழைந்து வேறு வருவாய் வழியைக் காட்டியது. முதலில் சிறிய பெட்டிகளுக்கு விலக்கு வந்தது. 1980-களின் நடுவில் வானொலி, தொலைக்காட்சி லைசென்ஸ் கட்டணங்கள் அடியோடு நீங்கின. அதோடு, ஒலிபரப்புக்காகக் குடிமகன் நேரடியாகச் செலுத்திய ஒரே கட்டணமும், அதைச் சார்ந்து அவனுக்கு இருந்த கேள்வி கேட்கும் தகுதியும் போயின என்று நான் கருதுகிறேன்.

ஏலத்தொகையை நம்பிய ஐந்து ஆண்டுகள்

1994-இன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு இரண்டிரண்டு செல்பேசி உரிமங்கள் வழங்கப்பட்டன. அங்கே முதல் மூன்று ஆண்டுகளுக்கு நிலையான கட்டணம், பிறகு சந்தாதாரர் தலைக்கு இவ்வளவு என்ற முறை. மற்ற வட்டங்களுக்கு, அதாவது தொலைத்தொடர்புச் சேவைப் பகுதிகளுக்கு, ஏலம். 1995 ஏலத்தில் எச்.எஃப்.சி.எல். தலைமையிலான கூட்டு அமைப்பு ஒன்பது வட்டங்களின் தரைவழித் தொலைபேசிச் சேவைக்கு ஏறத்தாழ 85,000 கோடி ரூபாய் கேட்டது. அத்தொகை வந்து சேரவே இல்லை. நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல் செல்பேசிக் கட்டணம் இருந்த காலத்தில், வரும் அழைப்புக்கும் சந்தாதாரர் பணம் கொடுத்த காலத்தில், வாடிக்கையாளர் பெருகுவார்கள் என்று போட்ட கணக்கு பொய்த்தது. நிலுவைகள் குவிந்தன.

ஏலத்தொகை முறைக்கு அறிக்கை தேவையில்லை. நிறுவனம் என்ன சம்பாதிக்கிறது என்று அரசு கேட்க வேண்டியதில்லை. தவணை வந்ததா என்று பார்த்தால் போதும். அதுவே அதன் கவர்ச்சி, அதுவே அதன் குருட்டுத்தனம். தவணை நின்றபோது நிறுவனத்தால் கட்ட முடியவில்லையா, கட்ட மனமில்லையா என்று பிரித்தறிய அரசிடம் எந்தக் கணக்கும் இருக்கவில்லை.

1999-இன் புதிய கொள்கை வருவாய்ப் பங்குக்கு மாறியது. நிலுவையைக் கட்டுவது, வழக்குகளைத் திரும்பப் பெறுவது, வட்டத்துக்கு இருவர் மட்டும் என்ற பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது என்ற நிபந்தனைகளோடு, 1999 ஆகஸ்ட் 1 முதல் வருவாயில் தற்காலிகமாக 15 விழுக்காடு. பின்னர் அது வட்டத்தின் தரத்துக்கேற்ப 12, 10, 8 என்றும், 2004-இல் 10, 8, 6 என்றும் இறங்கி, 2013-இல் எங்கும் 8 விழுக்காடானது. அதில் 5 விழுக்காடு ஊரகச் சேவைக்கான பொதுச் சேவைக் கடமை நிதிக்கு உரியது. பண்பலை வானொலியும் இதே பாதையில் வந்தது. ஆண்டுக்கு 15 விழுக்காடு ஏறும் நிலையான கட்டணத்தால் முதல் கட்ட நிலையங்கள் திணறிய பிறகு, 2005-இல் மொத்த வருவாயில் 4 விழுக்காடு என்ற முறை வந்தது.

வருவாய் என்றால் எது?

பெட்டியைப்போல வருவாய் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தை எழுதுபவர் கட்டணம் கட்ட வேண்டியவர். இதை உணர்ந்தே உரிம ஒப்பந்தம் வலையை அகல வீசியது. கைபேசி விற்பனை, தாமதக் கட்டணம், வட்டி, ஈவுத்தொகை, வாடகை, பிற வருவாய் அனைத்தும் 2021 வரை மொத்த வருவாயில் சேர்ந்தன. இணைப்புக்காகவும் ரோமிங்குக்காகவும் பிற நிறுவனங்களுக்கு உண்மையில் கொடுத்த தொகை, அரசுக்குச் செலுத்திய சேவை வரி, விற்பனை வரி ஆகியவற்றைக் கழித்தால் கிடைப்பது ஏ.ஜி.ஆர். என்னும் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய். அதில் ஒரு பங்கு அரசுக்கு.

செலுத்தும் முறையையும் பார்க்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை நிறுவனமே கணக்கிட்டு, உறுதிமொழிப் பத்திரத்தோடு கட்டும். ஆண்டு முடிந்ததும் தணிக்கை செய்த கணக்கைத் தர வேண்டும். கழிவாகக் காட்டும் தொகைக்கான ரசீதுகளை வட்டந்தோறும் உள்ள தொலைத்தொடர்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் சரிபார்க்கும். ஆவணம் இல்லையென்றால் கழிவு தள்ளுபடி. அந்தத் தொகைக்கும் கட்டணம், அதன்மேல் 2021 வரை மாதக் கூட்டு வட்டி, அபராதம், அபராதத்துக்கும் வட்டி. பின்னாளில் நிலுவை பூதாகரமானதற்கான விதை இங்கே கிடந்தது.

2003-இலேயே நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போயின. உரிமம் பெற்ற சேவையிலிருந்து வரும் வருவாய்க்குத்தான் கட்டணம் என்பது அவர்கள் வாதம். டி.டி.சாட் என்னும் அந்தத் தீர்ப்பாயம் 2006-இலும் 2007-இலும் பெருமளவு இசைந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 2015-இல் தீர்ப்பாயம் மீண்டும் பல இனங்களை விலக்கியது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பொருள்கோளையே உறுதிசெய்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பயனை அடைந்த பின் அதன் வரையறையை மறுக்க முடியாது என்பது அதன் சாரம்.

அப்போது அரசு காட்டிய உரிமக் கட்டண நிலுவை ஏறத்தாழ 92,640 கோடி ரூபாய். அதன் பிரிவுகளைப் படிக்க வேண்டும்: மூலத் தொகை சுமார் 23,190 கோடி, வட்டி 41,650 கோடி, அபராதம் 10,920 கோடி, அபராதத்தின் மீதான வட்டி 16,880 கோடி. உண்மையான தகராறு கால்பங்குதான். மீதி முக்கால்பங்கும், பதினாறு ஆண்டுகள் முடிவு காணாமல் இழுத்ததன் விலை. தோற்றவர்களின் பேராசையை மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. 2016-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ஆறு நிறுவனங்கள் 2006-07 முதல் 2009-10 வரை ஏறத்தாழ 46,000 கோடி ரூபாய் வருவாயைக் குறைத்துக் காட்டியதாக அறிக்கையிட்டார். முகவர் கமிஷன், தள்ளுபடி, இலவசப் பேச்சு நேரம் ஆகியவற்றைக் கழித்துவிட்டுக் கணக்கு எழுதியது அதில் ஒரு பெரும் பகுதி. அந்தத் தணிக்கைக்கான அதிகாரத்துக்கே வழக்கு நடந்து, 2014 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிறுவனங்கள் புத்தகத்தை மறைத்தன. அரசு உரிய நேரத்தில் அதைத் திறந்து பார்க்கவில்லை.

வரையறையை அதன் எல்லைவரை இழுத்தால் என்னவாகும் என்பதை 2019 தீர்ப்புக்கு அடுத்த சில மாதங்கள் காட்டின. தொலைத்தொடர்புத் துறை, இணைய உரிமம் போன்றவற்றை வைத்திருந்த கெயில், பவர்கிரிட் முதலிய பொதுத்துறை நிறுவனங்களிடமும் மொத்த வருவாயின் அடிப்படையில் பங்கு கேட்டது. எரிவாயு விற்ற பணமும் மின்சாரம் கடத்திய பணமும் அதில் அடக்கம். கோரிக்கையின் கூட்டுத்தொகை சுமார் 4 லட்சம் கோடி. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பியதும் அதில் 96 விழுக்காட்டைத் திரும்பப் பெறுவதாகத் துறை அறிவித்தது. ஒரே சொற்றொடரைக் கொண்டு இத்தனை பெரிய தொகையை எழுதவும் அழிக்கவும் முடிகிறதென்றால், அந்தக் கணக்கீட்டு முறையில் அளவுகோல் இல்லை என்றே பொருள்.

2020 செப்டம்பரில் நீதிமன்றம் பத்தாண்டுத் தவணை தந்தது. 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, தொலைத்தொடர்பு சாராத வருவாயை இனிவரும் காலத்துக்கு விலக்கியது, அபராதத்தை நீக்கியது, வட்டியை ஆண்டுக் கூட்டு வட்டியாக்கியது. நிறுவனங்கள் 2003-இல் கேட்டதில் கணிசமான பகுதியை 2021 கொடுத்தது, ஆனால் பழைய நிலுவையைத் தொடாமல். வீட்டுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி வழங்கும் டி.டி.எச். சேவைக்கும் 2020 டிசம்பரில், மொத்த வருவாயில் 10 விழுக்காடு என்ற பழைய முறை மாறி, ஏ.ஜி.ஆரில் 8 விழுக்காடு வந்தது.

அறிக்கையில் இருப்பதும் இல்லாததும்

இத்துறையில் பரிந்துரைப்பவர் வேறு, வசூலிப்பவர் வேறு. 1997-இல் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விகிதங்களைப் பரிந்துரைக்கிறது. தொலைத்தொடர்புத் துறை விதித்து வசூலிக்கிறது. பணம் இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. டிராய் காலாண்டுதோறும் வெளியிடும் சேவைச் செயல்பாட்டு அறிக்கையில் மொத்த வருவாய், ஏ.ஜி.ஆர்., உரிமக் கட்டணம் எல்லாம் உண்டு. ஆராய்ச்சியாளருக்கு அது அருமையான ஆவணம். ஆனால் அதன் எண்கள் நிறுவனங்கள் தாமே அறிவித்தவை. பின்னர் கழிவுகள் தள்ளுபடியாகி, தணிக்கையில் வருவாய் கூடி, அரசு கேட்கும் இறுதித் தொகையை அதே அட்டவணையில் காண முடியாது. அறிவித்த தொகை, மதிப்பிட்ட தொகை, வசூலான தொகை ஆகிய மூன்றும் நிறுவனவாரியாக ஆண்டுதோறும் அருகருகே அச்சாகியிருந்தால், 2019-இன் அதிர்ச்சி 2005-இலேயே ஒரு சிறு செய்தியாக முடிந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பொதுச் சேவைக் கடமை நிதிக்கும் அதே வெளிச்சம் வேண்டும். 2002-இல் தொடங்கிய அந்நிதிக்காக வசூலான தொகையில், 2020 வாக்கில் ஏறத்தாழ பாதி செலவாகாமல் இருந்தது. ஊரகக் கோபுரத்துக்கென்று நகரத்துச் சந்தாதாரரின் ரீசார்ஜிலிருந்து எடுத்த பணம் அது. 2023 சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயரிட்டு, நோக்கங்களையும் விரித்திருக்கிறது.

இதற்கிடையே நிலுவை புதிய வடிவம் எடுத்தது. வோடபோன் ஐடியா செலுத்த வேண்டிய தொகையில் 16,133 கோடி ரூபாய் 2023 பிப்ரவரியிலும், 36,950 கோடி ரூபாய் 2025 ஏப்ரலிலும் பங்குகளாக மாற்றப்பட்டன. அந்த இரண்டாம் மாற்றத்துக்குப் பின் நிறுவனத்தில் அரசின் பங்கு 48.99 விழுக்காடு. அதன் காலாண்டு வருவாய் அறிக்கையைச் சரிபார்ப்பதும், மீதமுள்ள நிலுவையைக் கேட்பதும் இப்போது அந்நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரரின் வேலை.