நீர் வடிந்த பின்: பாபநாசம் வயல்களில் வேர் உட்பூசணமும் அதன் துணைப் பாக்டீரியாக்களும்

காவிரிப் படுகையில், வேருக்குள் குடியேறி மணிச்சத்தைக் கடத்தித் தரும் வேர் உட்பூசணத்தைப் பற்றிய பேச்சு நெல்லையே சுற்றி வருகிறது. நெல்லைவிட அதன் பின்னால் வரும் தரிசு உளுந்துக்கே அது அதிகம் தேவைப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நீர் தேங்கிய வயலில் ஆக்சிஜன் குன்றுவதால் இரும்போடு பிணைந்த மணிச்சத்து விடுபட்டு நெல்லுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. மணிச்சத்துக்குப் பஞ்சமில்லாத வேர், பூசணத்தை அழைக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நீர் வடிந்து மண்ணில் காற்றுப் பட்டதும் இரும்பு மணிச்சத்தை மறுபடி இறுக்கிப் பிடிக்கிறது. குடமுருட்டி பாயும் பாபநாசம் பகுதியில், சம்பா தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கையில் நெல்லின் ஊடே தெளிக்கப்படும் உளுந்து வேர்விடுவது இந்த மண்ணில்தான். உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. இரண்டு சத டி.ஏ.பி. கரைசலை இலைமேல் தெளிக்கச் சொல்லும் பரிந்துரையே இந்த மணிச்சத்து நெருக்கடிக்குச் சாட்சி. உழாததில் ஓர் ஆதாயமும் உண்டு: மண்ணில் உள்ள பூசண இழைகள் அறுபடுவதில்லை.

ஆனால் பூசணம் தனியே வேலை செய்வதில்லை. 1962இல் ஆய்வாளர் பார்பரா மோஸ், நுண்ணுயிர் நீக்கிய சூழலில் வளர்த்த நாற்றின் வேருக்குள் பூசணம் நுழையவில்லை என்றும், சூடோமோனாஸ் பாக்டீரியாவைச் சேர்த்த பிறகே நுழைந்தது என்றும் காட்டினார். 1994இல் கார்பாய் என்ற ஆய்வாளர் இத்தகையவற்றைத் துணைப் பாக்டீரியாக்கள் என்ற தனி வகையாக வரையறுத்தார். கரிமப் பொருளில் கட்டுண்ட மணிச்சத்தை உடைக்கும் நொதிகள் பூசணத்திடம் மிகக் குறைவு. இழையில் கசியும் சர்க்கரையை உண்ணும் பாக்டீரியா அந்த நொதியைச் சுரக்கிறது. விடுபட்ட சத்தை இழை உறிஞ்சி வேருக்குக் கடத்துகிறது. உளுந்தில் மூன்றாவது பங்காளியாக, நைட்ரஜனை நிலைப்படுத்தும் ரைசோபியம் பாக்டீரியாவும் உண்டு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை நிலைப்படுத்தக் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. குறைந்தது 16 செலவாகிறது, ஏ.டி.பி.யின் உயிர்நாடியே மணிச்சத்து. ரைசோபியத்தையும் பூசணத்தையும் வேருக்குள் அனுமதிக்கும் மரபணுக்களில் சில பொதுவானவை என்பதையும் கருத வேண்டும். ஆகவே இவற்றைத் தனித்தனிப் பொட்டலங்களாகப் பார்ப்பது உயிரியலுக்குப் பொருந்தாத பழக்கம், விற்பனைக்கு வசதியானது என்றாலும்.

நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ரைசோபியமும், மணிச்சத்தை விடுவிக்கும் பாஸ்போபாக்டீரியாவும் அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையோடு ஒட்டிக்கொள்ளும். வெர்மிகுலைட்டில் பெருக்கிய பூசணமோ விதைக்கு அடியில் விழுந்தாக வேண்டும். நிற்கும் நெல்லுக்குள் கை வீச்சில் தெளித்தால் மேற்பரப்பிலேயே கிடக்கும். எனவே பூசணத்தைச் சம்பா நாற்றங்காலிலேயே, அதுவும் நீர் தேங்காத நாற்றங்காலில், இடுவதே சரி. அங்கே வேரேறிய பூசணம் நட்ட வயலிலும் ஓரளவு தங்கும். துணைப் பாக்டீரியாவை உளுந்து விதையோடு பிறகு அனுப்பலாம். விதைக்குப் பூசணக்கொல்லி கலந்திருந்தால் ஒரு நாள் இடைவெளி விட்ட பின்பே நுண்ணுயிர் உரம். 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே உருவான ஏ.டி.டி. 3 உளுந்தையே வைத்து நாற்றங்காலில் பூசணம் மட்டும், விதையில் பாக்டீரியா மட்டும், இரண்டும் சேர்ந்து, எதுவுமின்றி என நான்கு பாத்திகளில் ஒப்பிட்டால், நெல்லில் தொடங்கி உளுந்தில் முடியும் இந்த உறவை அளந்து பார்க்கலாம்.