மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்றதும் வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் நினைவுக்கு வருவார். வரலாற்று ஆய்வாளர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு செப்பேடு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்கே ஒரு சிவன் கோயில் எடுத்தான். பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரித்துக் கொடுத்தான். 20 பங்கு வேதம் படித்த அந்தணர்களுக்கு. 3 பங்கு கோயில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும். ஒரு பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க. மிச்சமிருந்த ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு.

தண்ணீர், நெருப்பு, கதை. கேட்க வந்து உட்காருகிறவருக்கு வேறென்ன வேண்டும்? வாசிப்பவருக்கோ தலைமுறைக்கும் வற்றாத வருமானம். இன்று பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்கு இப்படி ஒரு புரவலர் கிடைப்பது கடினம்.

பாட்காஸ்ட் தொடங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் வடிவத்தில்தான் முதலில் திண்டாடுகிறார்கள். தனியாகப் பேசுவதா, ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பதா, இரண்டு பேராகச் சேர்ந்து நடத்துவதா, வாரம் ஒரு பாகமாகத் தொடர்கதை சொல்வதா? காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள தொண்டை மண்டலத்து ஊர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே திருவிழாவுக்குள் வைத்துப் பல தலைமுறைகளாக நடத்திவருகின்றன. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாதான் அது.

பங்குனியிலிருந்து ஆடிவரை, வயல் வேலை குறைந்திருக்கும் மாதங்களில் ஊருக்கு ஊர் நோட்டீஸ் ஒட்டப்படும். தேதி, கிழமை, உபயதாரர் பெயர். அதற்குப் பக்கத்தில் மத்தியானம் என்ன பிரசங்கம், ராத்திரி என்ன கூத்து என்ற பட்டியல். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக இருக்கும். எந்தப் பாகம் என்றைக்கு என்று ஊரே முன்கூட்டித் தெரிந்துவைத்திருக்கும். கல்யாணமாகிப் போன பெண்கள் எந்த நாள் வந்தால் சரியாக இருக்கும் என்று பார்த்துக்கொள்வார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பிரசங்கி வந்து உட்காருவார். கையில் வில்லிபுத்தூரார் பாரதம். வரபதி ஆட்கொண்டான் என்ற சிற்றரசனின் ஆதரவில் பாடப்பட்ட நூல்; 10 பருவங்கள், 4,300 பாடல்களுக்கு மேல். பக்கத்தில் ஒருவர் ஆர்மோனியச் சுருதியில் பாட்டைப் பாடுவார். பிரசங்கி அதைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லி, கிளைக்கதைக்குள் நுழைந்து, விலைவாசியைக் கிண்டல் செய்துவிட்டு, மறுபடி துரியோதனன் சபைக்கே கொண்டுவந்து விடுவார். மறுநாள் தொடங்கும்போது நேற்று எங்கே நிறுத்தினோம் என்று ஒரு சுருக்கம் வரும். மழை தவறிய வருஷமானால் விராட பருவம் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அதைப் படித்தால் மழை வரும் என்பது நம்பிக்கை.

குழாய் ஸ்பீக்கர் வந்தபின் பிரசங்கத்தின் இயல்பே மாறியது. பனைமரத்தில் கட்டிய குழாய் கதையைப் பந்தலைத் தாண்டி ஏரிக்கரைக்கும் கொல்லைக்கும் கொண்டுபோனது. அரிசி புடைத்துக்கொண்டோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டோ, பிரசங்கியின் முகத்தைப் பார்க்காமலே பாரதம் கேட்கலாம் என்றாயிற்று. பாட்காஸ்ட்டுக்கு இந்த மண்ணில் மூதாதை தேடினால் இந்தப் பிரசங்கியைத்தான் காட்ட வேண்டும். ஆனால் கூத்தைப் பற்றி எழுதிய ஆய்வாளர்களில் பலர், மத்தியான வெயிலில் மணிக்கணக்காகத் தொண்டை வறளப் பேசிய இந்த மனிதரை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அது நியாயமில்லை.

அதே கதை ராத்திரி 10 மணிக்குமேல் வேஷம் கட்டி வரும். மரத்தில் செய்து கண்ணாடி பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரே அந்தக் கட்டைகளால் வந்ததுதான். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் பாதி மறைந்து நின்று பாடுவான். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். அவன் பாடி முடிக்கும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாட, அந்த இடைவெளியில் அவன் மூச்சு வாங்கிக்கொள்வான். திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே வந்து, நீ யார், எந்த நாடு, எதற்காக வந்தாய் என்று கேள்விமேல் கேள்வி கேட்பான். ராஜாவும் பதில் சொல்லியாக வேண்டும். பேட்டி எடுப்பதில் இவனைவிடத் துணிச்சல்காரன் கிடைப்பது அரிது. பார்வையாளர் மனதில் இருக்கும் கேள்வியை அவர்கள் பேச்சிலேயே கேட்டுவிடுவான், ராஜாவைக் கேலியும் செய்வான்.

சில கட்டங்களுக்கு மேடையும் போதாது. அர்ச்சுனன் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவான். கீழே மடி ஏந்தி நிற்பவர்களுக்கு எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான். கடைசி நாள் காலையில் படுகளம்: மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன்மீது வேஷம் கட்டிய பீமன் ஏறி நிற்க, அம்மனுக்குக் கூந்தல் முடிப்பார்கள். சாயங்காலம் தீமிதி. கர்ண மோட்சம் மட்டும் விழாவைத் தாண்டியும் போகும். இந்தப் பகுதியில் கருமக்கிரியைக்குக் கூத்து வைத்தால் அநேகமாக அதுதான்.

காஞ்சிபுரம் நகருக்குள் வடிவங்களை மாற்றி மாற்றிக் கையாண்டவர் என்றால் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த சி.என். அண்ணாதுரை. 1942இல் இங்கிருந்து ‘திராவிட நாடு’ வார இதழ். 1943இல் கம்பராமாயணம் பற்றி ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சோமசுந்தர பாரதியாருடனும் மேடைச் சொற்போர். அதே ஆண்டு ‘சந்திரோதயம்’ நாடகம். ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்’ நாடகத்தில் காகபட்டராக அவரே வேஷம் கட்டினார். ‘வேலைக்காரி’ நாடகமாகி 1949இல் சினிமாவும் ஆனது. 1955 முதல் தம்பிக்குக் கடிதங்கள். படிப்பகங்களில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. எழுத்துகூடக் காதுக்காகவே எழுதப்பட்டது.

வானொலியும் தெருவில் கூட்டம் கூட்டித்தான் தொடங்கியது. 1924இல் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்தி, பணமில்லாமல் 1927இல் நிறுத்தியது. 1930இல் மாநகராட்சி அதை ஏற்று, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. பிறகு ரேடியோப் பெட்டி மலிந்தபோது பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் அது தறிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தது. காரணம் எளிது. குழித்தறியில் உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்கிறவருக்குக் கால் மிதியில், கை நாடாவில், கண் கரையில். கூட உட்கார்ந்து கரை நாடா தள்ளுகிறவருக்கும் அதே கதி. இருவருக்கும் மிச்சமிருப்பது காது மட்டுமே.

‘பாட்காஸ்ட்’ என்ற சொல் 2004இல் லண்டன் ‘கார்டியன்’ நாளிதழில் பிறந்தது. 2014இல் அமெரிக்காவின் ‘சீரியல்’ வாராவாரம் ஒரே வழக்கைத் தொடர்கதையாகச் சொல்லி உலகப் புகழ் பெற்றது. தமிழில் தீபிகா அருணின் ‘கதை ஓசை’, கல்கியின் நாவல்களை ஒற்றைக் குரலில் வாசிக்கிறது. கூரத்து மண்டபத்தில் நடந்ததும் வாசிப்புதான்.

காஞ்சிபுரத்துக்கு அருகில் புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கப்பட்டது. கூத்துக் குடும்பத்தில் பிறந்த பெருங்கட்டூர் ராஜகோபாலும், இந்தக் கலையை ஆராய வந்த நெதர்லாந்துக்காரர் ஹன்னே டி புருயினும் அதன் பின்னால் இருந்தவர்கள். 2002இல் ஒரு குருகுலமும் தொடங்கி, ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நகர அரங்குகளுக்கு விடிய விடிய ஆடுவது ஒத்துவராது என்பதால் கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கவும் செய்தார்கள். கிராமத்தில் அந்தச் சுருக்கம் செல்லாது. கூத்தை ஒரு மணிக்கே முடித்துவிட்டால், பக்கத்து ஊர்களிலிருந்து பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் முதல் பஸ் வரும்வரை எங்கே போவார்கள்?