தீபாவளிப் பலகாரங்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வரலாற்று நோக்கு

திருக்கோயில் மடைப்பள்ளிக்கும் இல்லத்து அடுப்படிக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. விஜயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி எனப் பலகார நிவேதனங்கள் அறக்கட்டளைகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டளை ஏற்படுத்தியவருக்கு நிவேதனத்தில் நான்கில் ஒரு பங்கு உரியது. அதனை 'விட்டவன் விழுக்காடு' என்றனர். கொடையாளர் பெயர் கல்லில் இருக்கிறது; கொடுத்த பொருள் இருக்கிறது; அவருக்குரிய பங்கும் இருக்கிறது. அதிரசம் தட்டிய கை எவருடையது என்பது மட்டும் இல்லை. மலேசியத் திருநாட்டில் தமிழர் இல்லங்களில் தீபாவளிக்கென இயற்றப்பட்டு வந்த பலகாரங்களின் வரலாறும் இவ்வாறே எழுதப்படாமல் போயிற்று. இரயில் பாதை போட்டவர்களையும் இரப்பர் மரம் சீவியவர்களையும் பற்றி நூல்கள் உண்டு. அவர்கள் இல்லத்தில் முறுக்குப் பிழிந்தவர்களைப் பற்றி யார் எழுதினார்?

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரையிலான இரயில் பாதை 1886ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. செங்கற் சூளைகள் இருந்தமையால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், அதன்பின் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த உழைப்பாளர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தவர்களும் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். வழிபாட்டில் ஒன்றுபட்ட இவ்விரு பிரிவினரின் பலகாரத் தட்டில் சிறு வேறுபாடுகள் இருந்தன. தமிழக இல்லத்தில் 'அதிரசம்' எனப்பட்டது யாழ்ப்பாண இல்லத்தில் 'அரியதரம்' ஆயிற்று. ஒருவர் பாசிப்பயற்று மாவில் நெய்யுருண்டை பிடித்தார். மற்றவர் அதே பயற்றை வறுத்து இடித்துப் பாகில் கலந்து, மாவில் தோய்த்தெடுத்துப் 'பயத்தம் பணியாரம்' செய்தார். ஒரே தானியம் இரண்டு வடிவில் வேலி தாண்டிப் போய்வந்தது. கொண்டு வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது சிறப்பன்று எனக் கருதி, ஒரு பிடி சீனியேனும் இட்டுக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல இல்லங்களில் இருந்தது.

தோட்டப்புறங்களில் நிலை வேறு. கிள்ளான், காப்பார், கோல சிலாங்கூர் வட்டாரத்து லயன் வீடுகளில் பெண்களும் விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குச் சென்றவர்கள். ஆகவே பலகார வேலை மாலையிலும் இரவிலும்தான் நடைபெற்றது. நாள்தோறும் உலையேறியது பர்மாவிலிருந்து இறக்குமதியான அரிசி; அது பெரும்பாலும் புழுங்கலரிசி. பலகாரத்திற்கோ பச்சரிசி வேண்டும். அதனைத் தனியே வாங்கி, ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் உரலிலிட்டு இடித்துச் சலிப்பர். அதிரசத்திற்கு ஈரமாவு, முறுக்கிற்கு வறுத்த மாவும் உளுத்தம் மாவும். ஒரு குடும்பத்துப் பெண் தனித்து இதனைச் செய்து முடித்தல் இயலாது. எனவே இன்று ஒரு வீடு, நாளை மறுவீடு என முறைவைத்துக் கொண்டனர். ஒருவர் இடிக்க, ஒருவர் சலிக்க, ஒருவர் பிழிய, அனுபவம் மிக்கவர் எண்ணெய்ச் சட்டியின் முன் அமர்வார். சட்டி காயும்வரை சிறுவர்க்கு அங்கே இடமில்லை. முதற்சட்டி முறுக்கைச் சாமிக்கு எடுத்து வைக்கும் வரை எவரும் வாயில் இடலாகாது. இந்த ஒரு விதி மீறப்பட்ட இல்லங்களும் இல்லாமல் இல்லை! ஆறிய பலகாரங்கள் பிஸ்கட் தகரங்களில் அடைக்கப்பட்டுப் பரண்மேல் ஏறும்.

இவ்வாறு வளர்ந்த வழக்கத்திற்கு 1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பு பேரிடியாயிற்று. அரிசி இறக்குமதி குலைந்தது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டு, அவருள் பெருந்தொகையினர் திரும்பாமலே போயினர். பச்சரிசியும் எண்ணெயும் இல்லாத அக்காலத் தீபாவளிகளைக் குறித்து எழுதுவதற்கு அதிகம் இல்லை. தீபாவளிக்கு முதல்நாள் முன்னோரை நினைந்து படையல் இடும்போது, சில இல்லங்களில் இலை ஒன்று கூடுதலாக விரிக்கப்பட்டதன் காரணம் இதுவே.

இந்நாட்டுத் தீபாவளிக்கே உரிய அடையாளமாகிவிட்ட அச்சு முறுக்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். பேச்சு வழக்கில் இது 'ஆச்சி முறுக்கு' எனவும் திரியும். ஆச்சிமார் சுட்டதனால் அப்பெயர் என்பாரும் உளர். உண்மையில் அச்சில் வார்ப்பதே பெயர்க் காரணம். அரிசி மாவு, தேங்காய்ப் பால், சீனி, முட்டை ஆகியவற்றைக் கரைத்து, நீண்ட கைப்பிடியுடைய பித்தளைப் பூ அச்சினைக் கொதிக்கும் எண்ணெயில் காயவைத்து, மாவில் தோய்த்து மீண்டும் எண்ணெயில் இறக்குவர். அச்சு போதிய அளவு காயாவிடின் மாவு பற்றாது. விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் பலகாரம் கழன்று வராது. புது அச்சு எளிதில் பணியாது. எண்ணெயில் பழக்கப்பட்ட பழைய அச்சே நன்கு விடும். ஆதலால் மாமியாரின் அச்சு மருமகளுக்கு வந்து சேர்வது நகை வந்து சேர்வதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது.

இப்பலகாரம் முழுதும் தமிழருக்கே உரியது எனக் கூறுதல் இயலாது. கேரளத்தில் இது 'அச்சப்பம்'. அங்குக் கிறிஸ்தவர் இல்லங்களில் சிறப்பாகச் செய்யப்படுவது. இலங்கையில் சிங்களப் புத்தாண்டுக்குரிய 'கொக்கிஸ்' என்பதும் இதன் இனமே. அப்பெயர் டச்சு மொழியில் சிறு பணியாரத்தைக் குறிக்கும் 'கூக்யெஸ்' என்னும் சொல்லின் திரிபு என்பர். நார்வே, ஸ்வீடன் நாடுகளிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் இத்தகைய பூ அச்சுப் பணியாரம் பொரிக்கப்படுகிறது. கொச்சி, யாழ்ப்பாணம், நாகப்பட்டினம், மலாக்கா ஆகிய நான்கும் ஒரு காலத்தில் டச்சுக்காரர் வசமிருந்தவை. அவ்வூர்களைச் சூழ்ந்த நாடுகளில் எல்லாம் இதே பலகாரம் காணப்படுவது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. மலாய்க்காரர் இதனை அச்சின் பித்தளையைக் கொண்டு 'கூவே லோயாங்' என்றும், எண்ணெயில் ஆட்டிக் கழற்றுவதனால் 'கூவே கோயாங்' என்றும் வழங்குவர். நோன்புப் பெருநாளுக்கு அவர்களும், சீனப் புத்தாண்டுக்குச் சீனரும், தீபாவளிக்குத் தமிழரும் ஒரே அச்சில் வார்க்கும் பலகாரம் இதுவொன்றே எனலாம். நம் முறுக்கும் அவ்வாறே 'மருக்கு' என மலாய் நாவில் புகுந்துவிட்டது. தமிழர் தீபாவளி மேசையில் அன்னாசி டார்ட்டும் பஹுலுவும் இடம்பெற்றுள்ளன. முட்டை சேர்வதால் அச்சு முறுக்கினைச் சாமிக்கு நிவேதனமாக வைப்பதில்லை என்னும் கட்டுப்பாட்டினைச் சைவ ஒழுக்கம் பேணும் குடும்பங்கள் இன்றும் காத்து வருகின்றன. விருந்தினர் தட்டில் அதற்குத் தடையில்லை.

எண்ணெயின் கதையும் இம்மண்ணோடு பிணைந்தது. தொடக்கத்தில் பொரித்தது தேங்காயெண்ணெயில். 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே என்பார் இந்நாட்டின் முதல் வாணிப எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை நிறுவினார். அதன் பெயர் 'தென்னமாரம்'. தமிழர் செவிக்குத் தென்னைமரம் என்றே ஒலிக்கும் தோட்டத்தில்தான், தேங்காயெண்ணெயை அடுப்படியிலிருந்து பின்னர் வெளியேற்றிய பனை வேரூன்றிற்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மறையத் தொடங்கியபோது, லயன் வீட்டு முறைவைப்பும் உடன் மறைந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலம், முன்னர் சுங்கை ரெங்கம் எனப்பட்ட தோட்டப் பகுதியில் எழுந்ததே. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த 'ஹண்டிரட் குவார்ட்டர்ஸ்' குடியிருப்பும் இடிக்கப்பட்டது. அடுக்குமாடி வீட்டில் உரலுக்கு இடமில்லை. இருப்பினும் இடிக்கும் ஓசையைக் கீழ்வீட்டார் பொறுக்கமாட்டார். இடித்த மாவின் இடத்தை அரவை மாவும், பின்னர் பாக்கெட் மாவும் பிடித்தன. கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பத்தில், பலகாரம் செய்யப்படுவதினும் 'ஆர்டர்' கொடுக்கப்படுவதே மிகுதியாயிற்று. இதனைச் சோம்பல் எனப் பழிப்பது எளிது. ஆனால் அது நேர்மையன்று. முன்னர்ப் பத்துப் பெண்கள் பகிர்ந்த வேலையை ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு, மரபு குறைந்தது என வருந்துவதில் நியாயம் இல்லை.

2010ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்து வைக்கப்பட்டது. அங்கும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிவப்பு மூடியிட்ட பிளாஸ்டிக் போத்தல்கள் அடுக்கடுக்காய் நிற்கும். அவற்றுள் பல, தாமான் வீடுகளின் பின்கட்டில் குடும்பப் பெண்கள் சுட்டவை. 2020 நவம்பர் 14 அன்று வந்த தீபாவளியின்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்தமையால் திறந்த இல்ல உபசரிப்புகள் நடைபெறவில்லை. பலகாரம் மட்டும் வாசற்படி வரை வந்து, வைத்தவர் விலகி நிற்க, உள்ளிருப்பவர் எடுத்துக்கொள்ளும் முறையில் உறவினர் இல்லங்களைச் சென்றடைந்தது.

முறுக்கினையும் நெய்யுருண்டையையும் இயந்திரமும் செய்துவிடும். அதிரசத்தின் பாகு மட்டும் இன்னும் கைக்குக் கட்டுப்பட்டே இருக்கிறது. கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டினால் உருள வேண்டும். உருண்டது கல்லாகிவிடலும் ஆகாது. ஒரு கணம் முந்தினால் எண்ணெயில் பிரிந்துபோம். பிந்தினால் பல்லை உடைக்கும். மாவைப் பாகில் கிளறி ஓர் இரவேனும் மூடி வைக்க வேண்டும். இவற்றைச் சமையல் நூல்கள் கூறும். எந்தக் கணத்தில் அடுப்பை அணைப்பது என்பதோ, அருகில் நின்று பார்த்தவர்க்கே தெரியும்.